ஓர் ஊசியின் அரை நூற்றாண்டு: இயன் சால்மர்ஸும் சான்றுத் தொகுப்பின் வரலாறும்

1969ஆம் ஆண்டு. காசாவில் பாலஸ்தீன அகதிகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை நடத்திவந்த மருத்துவப் பணியில் ஓர் இளம் ஆங்கிலேய மருத்துவர் சேர்ந்தார். லிவர்பூலில் 1943இல் பிறந்தவர். லண்டனில் மருத்துவப் பட்டம் பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. பெயர் இயன் சால்மர்ஸ். முகாம்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தபோது, கல்லூரியில் கற்றுக்கொண்டதையே அவர் கடைப்பிடித்தார். தட்டம்மை வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் மருந்துகளோ பாக்டீரியாவைக் கொல்பவை. ஆகவே பாக்டீரியாத் தொற்றின் அறிகுறி தெரியும்வரை அவற்றைக் கொடுக்கலாகாது. கேட்பதற்குக் குறையில்லாத தர்க்கம். அறிகுறி தெரிந்த பின்னர் மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர் பிழைக்கவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தபின் சால்மர்ஸ் ஒன்றை அறிந்தார். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பது பயன்தருமா என்று ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள், அவர் காசாவுக்குப் போவதற்கு முன்பே அரை டசன் வெளிவந்திருந்தன. அவருடைய ஆசிரியர்கள் அவற்றைக் குறிப்பிட்டதே இல்லை. அவற்றை யாரும் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கவும் இல்லை. தன் அறியாமையால் சில குழந்தைகள் இறந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் தன்னை விட்டு அகலவில்லை என்று அவரே பின்னர் பல இடங்களில் எழுதினார். பிற்காலத்தில் இச்சோதனைகளை முறையாகத் தொகுத்தவர்கள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த காப்ராவும் லோதாவும் ஆவர். அவர்களுக்குக் கிடைத்தவை ஏழு சோதனைகள், 1263 குழந்தைகள். ஏழில் ஒன்று மட்டும் கினி-பிசாவில் நடந்து 2006இல் வெளியானது. மற்றவை மிகப் பழையவை. முன்கூட்டியே மருந்து பெற்ற குழந்தைகளுக்கு நிமோனியா போன்ற சிக்கல்கள் குறைந்தன என்றும், பழைய சோதனைகளின் தரம் போதாதென்றும் அவர்கள் முடிவுரைத்தனர். இறப்பைக் குறித்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. இந்தத் தயக்கம் கவனிக்கத்தக்கது. தொகுப்பு என்பது எப்போதும் ஓங்கிய குரலில் விடை சொல்வதன்று. எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை ஒருங்கே காட்டுவது.

இதே போன்ற இன்னொரு தவறையும் சால்மர்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். குழந்தை வளர்ப்பு பற்றி அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய நூல், உலகெங்கும் பல கோடிப் பிரதிகள் விற்றது. மல்லாந்து உறங்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சுக்குழல் அடைபடலாம், ஆகவே குப்புறப் படுக்கவைப்பது நல்லது என்று 1950களின் நடுப்பகுதிக்குப் பின்வந்த பதிப்புகள் அறிவுரை கூறின. புதிதாகப் பட்டம் பெற்றிருந்த சால்மர்ஸ் அதை நம்பினார், பெற்றோருக்கும் சொன்னார். 2005இல் ரூத் கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இப்பொருளில் அதுவரை வந்த ஆய்வுகளைக் கால வரிசைப்படி தொகுத்தனர். குப்புறப் படுப்பது ஆபத்து என்பதை உணரப் போதிய சான்று 1970 அளவிலேயே இருந்தது. உரிய நேரத்தில் தொகுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் திடீர் இறப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலிய வட்டாரம் ஆகியவற்றையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. மல்லாந்து படுக்கவையுங்கள் என்ற இயக்கம் பிரிட்டனில் தொடங்கியதோ 1991இல்தான்.

மருத்துவத்தில் சான்றுத் தொகுப்பு என்னும் துறையின் தோற்றத்தைச் சொல்வோர் பெரும்பாலும் புள்ளியியலிலிருந்தும் கணினியிலிருந்தும் தொடங்குவர். இத்துறையின் முன்னோடி ஒருவரைப் பொறுத்தவரை, அது தேடாமல் விட்டதன் குற்றவுணர்விலிருந்தே தொடங்கியது.

காசாவிலிருந்து திரும்பிய சால்மர்ஸ், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் மகப்பேற்று மருத்துவம் பயின்றார். ஒரே மருத்துவமனையில் ஒரு மூத்த மருத்துவர் பிரசவ வலியை மருந்தால் தூண்டுவார். அடுத்த அறையிலிருப்பவர் காத்திருப்பார். இருவரும் தத்தம் வழியே சரி என்பர். இளையவர் யாரைப் பின்பற்றுவது? அக்காலத்தில் கார்டிஃபில் இருந்த இன்னொருவர் இக்கேள்விக்கு முறையான விடை தேடிக்கொண்டிருந்தார். அவர் ஆர்ச்சி காக்ரேன்.

காக்ரேனின் வாழ்க்கை தனிக் கட்டுரைக்கு உரியது. ஸ்காட்லாந்தில் 1909இல் பிறந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஆம்புலன்ஸ் பணி ஆற்றினார். 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, சலோனிகா முகாமில் போர்க்கைதிகளுக்கு மருத்துவரானார். அங்கே கைதிகளின் கால்கள் வீங்கத் தொடங்கியபோது, ஒரு சிறு குழுவுக்கு ஈஸ்ட்டும் மறுகுழுவுக்கு வேறொன்றும் கொடுத்து ஒப்பிட்டார். அச்சோதனையின் குறைகளைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு பட்டியலிட்டதுண்டு. போருக்குப் பின் தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்தார். 1972இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் வாதம் எளியது: அரசின் பணம் அளவானது, ஆகவே உண்மையில் பயன்தரும் சிகிச்சைகளுக்கே அதைச் செலவிட வேண்டும், பயன்தருமா என்பதை அறிய ஏற்ற வழி சமவாய்ப்புச் சோதனை. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத ஊசி என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலுக்கு விட்டுவிடும் முறை அது.

1979இல் அவர் எழுதிய கட்டுரையொன்று இன்னும் கூர்மையானது. சோதனைகளை நடத்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையிலும் நடந்த சோதனைகள் அனைத்தையும் திரட்டி, எடைபோட்டு, காலந்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு மருத்துவத் தொழிலில் இல்லை. இது வெட்கக்கேடு என்றார். மகப்பேற்று மருத்துவத்துக்கு அவர் ஒரு பரிசும் அறிவித்தார்: மரக்கரண்டி. கேம்பிரிட்ஜில் கணிதச் சிறப்புத் தேர்வில் தேறியவர்களில் கடைசி இடம் பெற்றவருக்கு மாணவர்கள் கேலியாகக் கொடுத்துவந்த பொருள் அது. மருத்துவத் துறைகளில் கடைசி இடம் மகப்பேற்று மருத்துவத்துக்கு என்பது பொருள்.

அந்த மரக்கரண்டி அறிவிக்கப்பட்டபோது சால்மர்ஸ் ஆக்ஸ்போர்டில் இருந்தார். பேறுகாலம் பற்றிய தேசியக் கொள்ளைநோயியல் ஆய்வுப் பிரிவு அங்கு 1978இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் அவர். காக்ரேன் கேட்ட வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அது எத்தகைய வேலை என்பதை இன்றைய ஆய்வு மாணவர் கற்பனை செய்வது கடினம். தேடுபொறி கிடையாது. கணினிப் பட்டியல்கள் பாதியைத்தான் பிடித்தன. மருத்துவ இதழ்களைப் பழைய தொகுதியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இதழாக, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இது சமவாய்ப்புச் சோதனையா என்று பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். இதில் பெருந்திறமை எதுவும் வெளித்தெரியாது. பொறுமை மட்டுமே மூலதனம்.

அச்சேறியவற்றைச் சேர்ப்பதிலும் ஓர் ஓட்டை இருந்தது. நல்ல விளைவு தந்த சோதனையை ஆய்வாளர் ஆர்வத்தோடு எழுதுகிறார். இதழாசிரியர் ஆர்வத்தோடு வெளியிடுகிறார். பயனில்லை என்று காட்டிய சோதனை மேசை இழுப்பறையில் உறங்குகிறது. வெளிவந்தவற்றை மட்டும் கூட்டினால் மருந்துகள் எல்லாம் உண்மையைவிட நல்லவையாகத் தோன்றும். ஆகவே ஆக்ஸ்போர்டுக் குழு, 18 நாடுகளின் மகப்பேற்று மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள் என ஏறத்தாழ 42,000 பேருக்குக் கடிதம் எழுதியது. உங்களிடம் வெளியிடாத சோதனை ஏதேனும் உண்டா? பதில்கள் வந்தன. ஆனால் முடிவடைந்து ஈராண்டுக்கு மேலாகியும் வெளிவராத சோதனைகளாக அவற்றிலிருந்து தேறியவை வெறும் 18. பழைய சோதனைகள் மறைந்தது மறைந்ததுதான். சோதனை தொடங்கும்போதே அதைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற கோரிக்கைக்கு இத்தகைய தோல்விகளே வலுச்சேர்த்தன. இந்தியாவிலும் 2007 முதல் அத்தகைய பதிவேடு இயங்குகிறது.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழ் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பிரிக்கிறது. தொல்காப்பிய மரபியல், வழிநூலின் நால்வகையில் தொகுத்தலையே முதலாவதாக வைக்கிறது. விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு ஆகியன அதன் பின்னர். வழி என்ற சொல் இங்கே இழிவைக் குறிக்கவில்லை. தொகுத்தல் அங்கீகரிக்கப்பட்ட புலமைச் செயல். நவீனப் பல்கலைக்கழகமோ முதல்நூலாரை மட்டுமே ஆய்வாளராக மதிக்கப் பழகிவிட்டது. புதுத் தரவு எங்கே என்று கேட்கும் தேர்வுக் குழுக்களின் முன்பு, பிறர் தரவைத் தொகுத்தவர் தன்னை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் முன்னாய்வுகள் பற்றிய இரண்டாம் இயல் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை இதைப் படிப்போர் அறிவர். ஆய்வு முடிந்தபின், தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய மாதத்தில், முடிவுக்கு ஒத்துவரும் பெயர்களைக் கோத்து எழுதுவது அது. சால்மர்ஸ் அந்த இரண்டாம் இயலையே தன் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டவர் எனலாம்.

ஆக்ஸ்போர்டு உழைப்பின் விளைவு 1989இல் வெளிவந்தது. சால்மர்ஸ், கனடாவின் மர்ரி என்கின், நெதர்லாந்தில் பணியாற்றிய மார்க் கெய்ர்ஸே ஆகியோர் பதிப்பித்த, கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் பயன்தரும் பராமரிப்பைப் பற்றிய அந்நூல் இரு தொகுதிகளாக ஏறத்தாழ 1500 பக்கங்களுக்கு நீண்டது. அதன் கடைசிப் பக்கங்களே சர்ச்சையைக் கிளப்பின. அங்கு நான்கு பட்டியல்கள் இருந்தன: பயன் நிறுவப்பட்டவை, நம்பிக்கை தருபவை, பயன் தெரியாதவை, கைவிட வேண்டியவை. பிரசவத்துக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக எனிமா கொடுப்பது, மழித்துவிடுவது, மல்லாந்து படுத்தே பிரசவிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது ஆகியன நான்காம் பட்டியலில் இடம்பெற்றன. இவை தொழிலின் நாள்முறைச் சடங்குகள். இந்திய அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளை அறிந்தோர், அச்சடங்குகளின் ஆயுளைச் சொல்லாமலே உணர்வர்.

காக்ரேன் அந்நூலுக்கு முன்னுரை எழுதி, தான் கொடுத்த மரக்கரண்டியை அதில் திரும்பப் பெற்றுக்கொண்டார். நூல் அச்சாகி வருவதற்குள், 1988 ஜூன் மாதம், இறந்துபோனார்.

இனி ஊசியின் கதை. மேற்சொன்ன நூலின் இயல்களில் ஒன்று, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்குக் கார்டிகோஸ்டீராய்டு ஊசி போடுவதைப் பற்றியது. எழுதியவர் டப்ளினைச் சேர்ந்த பட்ரீஷியா குரோலி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்பதை ஆடுகளில் ஆராய்ந்துவந்தார். ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு மிக முன்னதாகப் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி, இறந்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரலில் ஓரளவு காற்று நிறைந்திருந்தது. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் விரியாமல் ஒட்டிக்கொள்வதே அவர்களின் சாவுக்குப் பெருங்காரணம். லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் 1969 டிசம்பரில் சமவாய்ப்புச் சோதனையைத் தொடங்கினர். 282 தாய்மார்களைப் பற்றிய முதல் அறிக்கை 1972இல் வந்தது. தானாக வலி கண்டு முன்னதாகப் பிரசவித்தவர்களில், ஊசி பெற்ற தாயரின் குழந்தைகளில் முதல் நாள்களிலேயே இறந்தவை 3.2 விழுக்காடு, ஊசி பெறாதவர்களின் குழந்தைகளில் 15 விழுக்காடு.

மருந்து மலிவானது. காப்புரிமைச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆயினும் அடுத்த இருபதாண்டுகளில் பெரும்பாலான மருத்துவர்கள் அதைக் கையாளவில்லை. தொடர்ந்து வந்த சோதனைகளில் பல சிறியவை. தனித்தனியே பார்த்தால் பயன் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இயலாதவை. ஒன்றைக் கண்டு ஒருவர் ஆம் என்றார். மற்றொன்றைக் கண்டு இன்னொருவர் இல்லை என்றார். குரோலி பன்னிரண்டு சோதனைகளையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டபோது ஐயம் விலகியது. குழந்தை இறக்கும் வாய்ப்பை அந்த ஊசி மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை குறைத்தது. அதன் பிறகும் அமெரிக்கா தயங்கியது. 1994இல் அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமை மாநாட்டின்போது, ஊசி பெறத் தகுந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அதைப் பெற்றுவந்தனர்.

1992இல் ஆக்ஸ்போர்டில் பிரிட்டிஷ் அரசின் உதவியோடு ஒரு மையம் திறக்கப்பட்டது. மறைந்தவரின் நினைவாகக் காக்ரேன் மையம் என்று பெயர். அடுத்த ஆண்டு அது பன்னாட்டுக் கூட்டமைப்பாயிற்று. அதன் சின்னத்தை வரைந்தபோது ஸ்டீராய்டு ஊசியின் கணக்கையே எடுத்துக்கொண்டனர். வட்டத்துக்குள் ஒரு நெடுக்குக்கோடு. அதன் குறுக்கே நீளமும் குட்டையுமாக ஏழு கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு சோதனை. கீழே ஒரு சிறு வைர வடிவம், அவற்றின் கூட்டு விடை. கோடுகள் பல நெடுக்குக்கோட்டைத் தொட்டுத் தயங்குகின்றன. வைரம் அதைத் தொடாமல் இடப்புறம் நிற்கிறது. தொகுக்கத் தாமதித்ததால் இறந்த பல்லாயிரம் குறைமாதக் குழந்தைகளின் கல்வெட்டு என்று அதைக் கொள்ளலாம்.

இயக்கம் வேகமாகப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவர் பிரதாப் தர்யனின் தலைமையில் தெற்காசியக் காக்ரேன் மையம் அமைந்தது. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசிய உரிமம் பெற்றதால், இணையம் உள்ள எந்த இந்தியரும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றிப் படிக்க முடிந்தது. சால்மர்ஸுக்கு 2000இல் சர் பட்டம் கிடைத்தது. தொகுப்பாளருக்கு மதிப்பு வந்துவிட்டது. இன்று முறைசார் மீளாய்வு எழுதுவது ஒரு தொழிலாகவே மாறி, தேவைக்கு மிஞ்சிய மீளாய்வுகள் குவிகின்றன என்ற புகாரும் உண்டு. அது வேறு கதை.

ஊசியின் கதை அங்கே முடியவில்லை. 2012இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஆணையம் ஒன்று, பெண்களையும் குழந்தைகளையும் காக்கும் 13 இன்றியமையாப் பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றில் ஒன்று இந்த ஸ்டீராய்டு. 2014இல் இந்திய நலவாழ்வு அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குறைமாத வலியோடு வரும் பெண்ணை மேல்மருத்துவமனைக்கு அனுப்புமுன், துணைச் செவிலியரே டெக்சாமெத்தசோன் ஊசியின் முதல் அளவைப் போடலாம். அரை நூற்றாண்டுச் சான்று, மலிவான மருந்து, கிராமத்தின் கடைக்கோடிவரை செல்லும் செவிலியர். இதைவிடப் பொருத்தமான கொள்கை இருக்க முடியாது என்றே தோன்றியது.

அதே 2014ஆம் ஆண்டின் அக்டோபரில், லான்செட் இதழ் ஒரு பெருஞ்சோதனையின் முடிவை இணையத்தில் வெளியிட்டது. அர்ஜென்டினா, குவாத்தமாலா, கென்யா, ஜாம்பியா, பாகிஸ்தான், இந்தியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்தது அது. இந்தியக் களங்கள் பெலகாவியும் நாக்பூரும். இங்கே குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் தனித்தனித் தாய்மார்கள் அல்லர், ஊர்த் தொகுதிகள். பாதித் தொகுதிகளில் எல்லா நிலைச் சுகாதாரப் பணியாளருக்கும் ஊசி போடப் பயிற்சியளிக்கப்பட்டது. மறுபாதியில் வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. ஒரு லட்சத்தை ஒட்டிய பிறப்புகள் கணக்கில் வந்தன. எடை மிகக் குறைந்த குழந்தைகளின் இறப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஊசித் திட்டம் நடந்த ஊர்களில் ஆயிரம் பிறப்புக்கு 27.4 குழந்தைகள் முதல் 28 நாள்களுக்குள் இறந்தன. மற்ற ஊர்களில் 23.9. ஆயிரத்துக்கு மூன்றரை உயிர்கள் கூடுதலாகப் போயின. தாய்மாருக்குத் தொற்று ஏற்பட்டதாக ஐயுற்ற நிகழ்வுகளும் கூடின.

ஏன் இப்படி? முழு விளக்கம் இன்றும் விவாதத்துக்கு உரியதே. எனினும் ஓர் எண் பலவற்றைச் சொல்கிறது. ஊசி பெற்ற தாய்மார்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கே எடை மிகக் குறைந்த குழந்தை பிறந்தது. மற்றவர்களில் பலர் பிரசவத்துக்கு உண்மையில் முந்திவிடவில்லை. ஸ்கேன் இல்லாத ஊரில் கருவின் வாரக்கணக்கு, தாய் கடைசி மாதவிலக்கை நினைவுகூர்வதைப் பொறுத்தது. அல்லது வயிற்றின் அளவைக் கொண்டு செவிலியர் ஊகிப்பது. நிறைமாதத்தை நெருங்கிய குழந்தைக்கு அந்த ஊசியால் ஆகவேண்டிய நன்மை சிறிது, தீமை இருக்கக்கூடும். உண்மையிலேயே முன்னதாகப் பிறந்த குழந்தைக்கோ, நுரையீரல் சற்று முதிர்ந்திருந்தாலும், உடல் வெப்பம் காக்கவும் ஆக்சிஜன் தரவும் தொற்றைக் கவனிக்கவும் ஆளும் கருவியும் வேண்டும். ஆக்லாந்து மருத்துவமனையில் அவை இருந்தன. ஊசி தன் பங்கைச் செய்தது. அவை இல்லாத இடத்தில் ஊசி மட்டும் போய்ச் சேர்ந்தது.

தொகுப்பு பொய் சொல்லிவிட்டதா? இல்லை. காக்ரேன் மீளாய்வின் 2006 பதிப்பில் 21 சோதனைகளும் 3885 தாய்மார்களும் இருந்தனர். அச்சோதனைகள் பெரும்பாலும் வளமான நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. அது மீளாய்வின் அட்டவணைகளில் வெளிப்படையாகவே இருந்தது. பிழை நேர்ந்தது, அட்டவணையிலிருந்து கொள்கை வாசகத்துக்குப் போகும் வழியில். தமிழில் இதை வினைமுற்றைக் கொண்டே காட்டலாம். சோதனை சொல்வது இறந்தகாலம்: அந்த மருத்துவமனையில், அந்தத் தாய்மாருக்கு, அந்த ஊசி குழந்தைகளைக் காத்தது. கொள்கை அதைச் செய்யும் என்னும் வாய்பாட்டுக்கு மாற்றுகிறது: ஊசி குழந்தைகளைக் காக்கும். ‘மாடு புல் தின்னும்’ என்பதுபோல, காலமும் இடமும் கடந்த இயல்பைச் சொல்லும் வாக்கியமாக அது ஆகிவிடுகிறது. காத்தது என்பதற்கும் காக்கும் என்பதற்கும் இடையில் ஏழாம் வேற்றுமை காணாமற்போகிறது. எங்கே காத்தது என்ற கேள்வி பெலகாவியில் திரும்பி வந்தது.

பெருமைமிக்க மீளாய்வொன்று சின்னமாகவே பொறிக்கப்பட்ட பிறகு, அதை மீண்டும் ஐயுறுவது எளிதன்று. நிறுவப்பட்ட உண்மையை மறுபடி சோதிப்பது அறமா என்ற வினா எழும். மருந்தில்லா ஊசி பெறும் குழுவின் குழந்தைகளுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? மறுபுறம், ஆயிரத்துக்கு மூன்றரை என்ற எண்ணைக் கண்டபின் சோதிக்காமல் ஊசியைத் தொடர்வதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் தன் பரிந்துரையை ஐந்து நிபந்தனைகளுக்குள் அடக்கியது. வாரக்கணக்கு துல்லியமாகத் தெரிய வேண்டும். பிரசவம் நெருங்கியிருக்க வேண்டும். தாய்க்குத் தொற்று இருக்கலாகாது. தகுந்த பிரசவப் பராமரிப்பு வேண்டும். பிறக்கும் குழந்தையைக் காக்கும் வசதி வேண்டும். ஊசி போடலாமா என்ற கேள்விக்கு ஊசியைப் பற்றிய நிபந்தனை ஒன்றுகூட அவ்வைந்தில் இல்லை.

அதோடு அவ்வமைப்பு புதுச் சோதனையையும் தொடங்கியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகள். ஸ்கேன் வழி வாரக்கணக்கு உறுதிசெய்யப்பட்ட, 26 முதல் 33 வாரம் வரையிலான கர்ப்பிணிகள். 2852 பெண்கள் சேர்ந்தபோது, பயன் தெளிவாகிவிட்டதென்று சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஊசி பெற்றோரின் குழந்தைகளில் இறந்தவை 19.6 விழுக்காடு, மருந்தில்லா ஊசி பெற்றோரிடத்தில் 23.5. நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு குழந்தைகள் பிழைத்தன. தாய்மாருக்குத் தொற்று கூடவில்லை. முடிவு 2020இல் வெளிவந்தது. ஊசி காக்கிறது, கணக்கும் கவனிப்பும் உள்ள இடத்தில். ஆனால், ஊசி பெற்ற பிறகும் ஐந்தில் ஒரு குழந்தை இறந்திருக்கிறது என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது.

ஆய்வில் போடும் பணத்தில் 85 விழுக்காடு வீணாகிறது என்று சால்மர்ஸும் ஆஸ்திரேலியாவின் பால் கிளாஸ்யூவும் 2009இல் லான்செட் இதழில் மதிப்பிட்டனர். தேவையற்ற கேள்வி, முன்னாய்வைப் பாராத திட்டம், வெளியிடாத முடிவு, பயன்படுத்த இயலாத அறிக்கை ஆகியவை அவர்கள் காட்டிய காரணங்கள். அக்காரணங்களில் முதலாவதற்குள் இன்னொன்றும் அடங்கும்: யாருடைய ஊரில் கேட்கப்பட்ட கேள்வி என்பது. காசாவின் அகதி முகாமில் ஒரு மருத்துவர் இடறியது பழைய சோதனைகளைத் தெரியாததால். பெலகாவியில் திட்டம் இடறியது பழைய சோதனைகளை மிக நன்றாகத் தெரிந்திருந்ததால்.

மீளாய்வு 2020 டிசம்பரில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. இப்போது அதில் 27 சோதனைகள், 20 நாடுகள், 11,272 தாய்மார்கள். அவற்றில் பத்துச் சோதனைகள் வளங்குறைந்த அல்லது நடுத்தர வளமுள்ள சூழல்களில் நடந்தவை. அவற்றில் பங்கேற்றோர் 4422 பேர். சின்னத்தில் இன்னமும் அந்தப் பழைய மீளாய்வின் கோடுகளே உள்ளன.